லோரா தேடிய வீடு



ஒரு நாவலைப் படித்து முடித்ததும், "இந்த வீடு எங்கே இருந்தது?" என்று கேட்கின்ற வாசகர்கள் இருக்கிறார்கள். இலக்கியத்தை இலக்கியமாகப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று அவர்களை நாங்கள் சற்று ஏளனமாகப் பேசிவிடுவதுண்டு. வகுப்பறையிலே நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால், அவ்வாறு கேட்ட சிலருடைய பிடிவாதத்தினால் ஒரு நாவலை நாம் படிக்கும் முறையே மாறிப்போயிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்திலே லோரா இங்கல்ஸ் வைல்டர் மிகப் பெரிய பெயர். 1867 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் திகதி விஸ்கொன்சின் மாநிலத்தில், பெப்பின் என்ற ஊருக்கு அருகே ஒரு மரக்குற்றி வீட்டில் அவர் பிறந்தார். முதல் நூல் 1932 இல் வெளிவந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. அந்த வயதில் தொடங்கி, 1943 வரையில் எட்டு நூல்களை வெளியிட்டார். ஒன்றைத் தவிர மற்றெல்லாம் தம்முடைய குடும்பத்தின் கதை. அந்த ஒன்றும் கணவருடைய பிள்ளைப் பருவக் கதை. அப்பா, அம்மா, அக்கா மேரி, தங்கை கரி, நாய் ஜக், அப்பாவின் வயலின் - இவையே அந்தக் கதைகளின் உலகம். மூடிய வண்டியில் ஏறி, நிலம் தேடி மேற்கே போய்க்கொண்டேயிருக்கிற ஒரு முன்னோடிக் குடும்பம். அவற்றுள் 1935 இல் வெளியான 'புல்வெளியில் ஒரு சிறிய வீடு' என்ற நாவலே பெயர்போனது. தொலைக்காட்சித் தொடருக்கும் அந்தத் தலைப்பையே வைத்துக்கொண்டார்கள்.

அந்த நாவலில் வருகின்ற அப்பாதான் சாள்ஸ் இங்கல்ஸ். 1836 இல் நியூயோர்க் மாநிலத்தில் கியூபா என்ற சிற்றூரில் பிறந்தவர். அவருடைய வம்சாவளியைத் தேடிப்போனவர்கள் இருநூறு ஆண்டுகள் பின்னே போய், எட்மண்ட் இங்கல்ஸ் என்ற ஒருவரிடம் வந்து நிற்கிறார்கள். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியிலிருந்து கப்பலேறி வந்து, 1629 அளவில் மசச்சுசெட்ஸ் கரையிலே லின் என்ற ஊரை அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய பேத்தியான மார்தா கரியர் என்பவர், 1692 இல் சேலம் நகரத்து வழக்குகளிலே சூனியக்காரி என்று தீர்ப்பளிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். வம்சப் பெருமையைத் தேடிப்போகிறவர்களுக்கு இப்படியும் ஒன்று அகப்படுவதுண்டு. இழுக்கு என்னவோ தூக்கிலிட்டவர்களுக்குத்தான், அந்தப் பெண்ணுக்கு அல்ல. சாள்ஸின் பாட்டனார் சாமுவேல் இங்கல்ஸ் 1825 இல் ஒரு கவிதை நூலே வெளியிட்டார். ஆகவே எழுத்து அந்தக் குடும்பத்துக்குப் புதியதல்ல.

தாய்வழியிலும் ஒரு துயரம் உண்டு. அம்மா கரோலைன் சிறு பிள்ளையாக இருந்தபோதே, 1845 இல், அவருடைய தந்தையார் மிச்சிகன் ஏரியிலே கப்பலோடு மூழ்கிப்போனார். தந்தையில்லாத வீட்டின் பசியை அறிந்து வளர்ந்த கரோலைன் பள்ளி ஆசிரியையானார். 1860 இல் சாள்ஸை மணந்தார். கணவர் வண்டியைப் பூட்டும்போதெல்லாம் அமைதியாக ஏறி அமர்கிற பெண்ணாக அவரை நாவல்கள் காட்டுகின்றன. பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் உள்ள ஊரில் தங்கவேண்டும் என்ற ஒரே விடயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. ஓர் ஆசிரியை வேறு எப்படி இருப்பார்?

இனி அந்தப் புல்வெளி வீட்டுக்கு வருவோம். விஸ்கொன்சின் காட்டில் மனிதர் பெருகிவிட்டார்கள், வேட்டை குறைந்துவிட்டது என்று அப்பா தெற்கே கன்சாஸுக்குப் புறப்படுகிறார். இன்டிபென்டன்ஸ் என்ற ஊரிலிருந்து நாற்பது மைல் தூரத்தில், ஆளரவமற்ற புல்வெளியிலே தம் கையாலேயே வீடு கட்டுகிறார், கதவு செய்கிறார், கிணறு வெட்டுகிறார். அவ்வப்போது அந்நாட்டுப் பூர்வீகக் குடிகளான ஒசேஜ் மக்கள் வீட்டுக்குள் வந்து, சமைத்ததை உண்டுவிட்டுப் போகிறார்கள். குடும்பம் அஞ்சுகிறது. இறுதியில், குடியேறியோரை வெளியேற்றப் படையினர் வரப்போகிறார்கள் என்ற செய்தி வருகிறது. அப்பா மனம் கசந்து, அன்றே புறப்பட ஆயத்தமாகிறார். உழுத நிலமும் கட்டிய வீடும் பின்னே கிடக்க, வண்டி நகர்கிறது. படிப்பவர் கண் கலங்காமல் அந்தப் பகுதியைத் தாண்டுவது கடினம். நானும் கலங்கியவன்தான்.

இந்தக் கதையை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியவர்கள் முதலில் கண்டது ஒரு சிறு முரண்பாடு. நாவலின்படி, கன்சாஸுக்குப் புறப்படும்போதே தங்கை கரி அம்மாவின் மடியில் இருக்கிறாள். ஆனால் இங்கல்ஸ் குடும்பத்தின் வேதாகமப் புத்தகத்திலே, பிறப்பு இறப்புகளைக் குறிக்கும் பக்கத்தில், கரி 1870 ஒகஸ்ட் 3 இல் கன்சாஸ் மாநிலம் மொன்ட்கொமரி மாவட்டத்தில் பிறந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அங்கே வாழ்ந்தபோது லோராவுக்கு வயது இரண்டு முதல் நான்கு. நாவலிலே கூர்மையாக எல்லாவற்றையும் கவனிக்கிற அந்தச் சிறுமி, உண்மையில் பெரும்பாலும் அப்பா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். கன்சாஸிலிருந்து திரும்பிய பிறகே விஸ்கொன்சின் காட்டு வாழ்வு அவருக்கு நினைவில் நின்றது. நாவல் வரிசையிலோ காடு முதலில், புல்வெளி பின்னர். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு.

அடுத்ததாக அகப்பட்ட ஆவணந்தான் முக்கியமானது. அமெரிக்காவில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை குடிசன மதிப்பு எடுப்பார்கள். 1870 ஒகஸ்டில், மொன்ட்கொமரி மாவட்டத்தின் ரட்லண்ட் பகுதியில், கணக்கெடுப்பாளர் ஒருவர் வீடு வீடாகப் போயிருக்கிறார். அவருடைய ஏட்டிலே சாள்ஸ் இங்கல்ஸ் இருக்கிறார். தொழில் தச்சு. மனைவி, மேரி, லோரா, அப்போதுதான் பிறந்த கைக்குழந்தை கரி எல்லோரும் இருக்கிறார்கள். நாவலிலே குடும்பம் முழுவதும் மலேரியாக் காய்ச்சலில் விழுந்தபோது வந்து காப்பாற்றுகிற கறுப்பின மருத்துவர் டான் கற்பனைப் பாத்திரமல்லர் என்பதும் அந்த ஏட்டினால் உறுதியாயிற்று. ஜோர்ஜ் டான் என்ற பெயரோடு அவர் அயலிலே வாழ்ந்தவர். பின்னாளில் இன்டிபென்டன்ஸ் நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த ஏட்டிலே ஒரு கட்டம் உண்டு. குடும்பத்துக்குச் சொந்தமான காணியின் பெறுமதி எவ்வளவு என்று எழுதவேண்டிய கட்டம். சாள்ஸுக்கும் அயலவர்களுக்கும் நேரே அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. காரணத்தையும் கணக்கெடுப்பாளர் குறித்துவைத்திருக்கிறார். இந்த நிலங்கள் ஒசேஜ் மக்களுடையவை, குடியேறியிருப்பவர்களுக்கு இவற்றில் உரித்தில்லை என்பதே அக்குறிப்பின் சாரம்.

அந்தக் குறிப்பை ஒருமுறை அறிந்துகொண்டபின் நாவலைப் பழைய மாதிரிப் படிக்க முடியவில்லை, நேயர்களே. அப்பா ஆற்றோரத்திலிருந்து மரம் வெட்டி வந்து வீடு கட்டுகிற அந்த அழகான அத்தியாயம் இருக்கிறதே, அந்த மரம் யாருடையது? வீட்டுக்குள் நுழைந்து சோளரொட்டியைத் தின்றவர்கள் அழையாத விருந்தாளிகளா, அல்லது தங்கள் காணியில் குந்தியிருப்பவரிடம் வாடகைபோல ஏதோ கேட்டு வந்த உடைமைக்காரரா?

அன்றைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெற்குக் கன்சாஸில் நீண்டு கிடந்த ஒரு நிலப்பரப்பு, ஒப்பந்தத்தின்படி ஒசேஜ் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1868 இல் ஒரு புகையிரதக் கம்பனி 80 இலட்சம் ஏக்கரை, ஏக்கர் ஏறத்தாழ 20 சதம் விலைக்கு வாங்கிக்கொள்ள ஓர் ஒப்பந்தம் தயாரானது. அமெரிக்க மேலவை அதை ஏற்காததால் அது கைகூடவில்லை. எப்படியும் இந்நிலம் வெள்ளையருக்குத் திறக்கப்படும், முதலில் போய்க் குந்தியிருப்பவனுக்கு முதலிடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கானோர் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். சாள்ஸ் 1869 இல் போய்ச் சேர்ந்தார். ஒசேஜ் மக்கள் கோடைகால எருமை வேட்டைக்குப் போய்த் திரும்பி வரும்போது, அவர்களுடைய வீடுகளிலும் சோள வயல்களிலும் வேறு ஆட்கள் இருந்தார்கள் என்று அவர்களுக்கென நியமிக்கப்பட்ட அரச முகவரே முறையிட்டிருக்கிறார். 1870 யூலையில் அமெரிக்கக் கொங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஒசேஜ் மக்கள் வெளியேறவேண்டும், நிலத்தைக் குடியேறியோர் ஏக்கர் ஒன்றே கால் டொலருக்கு வாங்கலாம், பணம் ஒசேஜ் மக்களைச் சேரும் என்றது அச்சட்டம். செப்டெம்பரில் டிரம் கிறீக் என்ற இடத்தில் அவர்கள் அதற்கு இணங்கினார்கள். இணங்காமல் என்ன செய்வது? அந்தக் கரி பிறந்த சில வாரங்களுக்குள் நடந்தது இது. நாவலிலே, ஒசேஜ் மக்கள் வரிசையாகக் குதிரைகளில் ஏறிப் போவதைச் சிறுமி லோரா வாசலில் நின்று பார்க்கிற ஓர் அத்தியாயம் வருகிறது. அவர்களுள் ஒரு கைக்குழந்தையின் கரிய கண்களைக் கண்டு, அது தனக்கு வேண்டும் என்று அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. பெற்றோருக்கும் புரியவில்லை. நாவலின் மிக உண்மையான இடம் அதுவென்பது என் எண்ணம். எழுத்தாளர் சொல்ல வராத ஏதோ ஒன்று, அந்தப் பிள்ளையின் அழுகையில் வந்துவிடுகிறது.

அப்படியானால் படையினர் வெளியேற்றிய கதை? 1871 இளவேனிலில் சாள்ஸ் வண்டி பூட்டியபோது சட்டத்தின் நிலைமை நேர்மாறாக இருந்தது. காணியை வாங்க வழி பிறந்துவிட்டது. 160 ஏக்கருக்கு 200 டொலர். ஆனால் பெப்பினிலே அவருடைய பழைய காணியைத் தவணைக்கு வாங்கியவர் பணத்தைச் செலுத்த முடியாமல் போகவே, அந்தக் காணி திரும்பவும் சாள்ஸின் பொறுப்பாயிற்று. குடும்பம் விஸ்கொன்சினுக்கே திரும்பியது. கைப்பணம் இல்லாமைதான் பெருங் காரணமாக இருந்திருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கையில் காசில்லை என்று சொல்வதைவிட அரசாங்கம் அநியாயம் செய்தது என்று சொல்வது எந்தத் தகப்பனுக்கும் இலகுவானது.

வறுமையைப் பற்றி நாவல்கள் சொல்லாமல் விட்டது இன்னும் உண்டு. 1874 இல் மின்னசோட்டாவின் வோல்நட் குரோவ் ஊரில் குடியேறினார்கள். வெட்டுக்கிளிகள் வந்து கோதுமையை அடியோடு அழித்தன. அதை லோரா மிக அருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் 1875 நவம்பரில் அவருடைய அப்பா அதிகாரிகள் முன் சத்தியம் செய்து ஒப்பமிட்ட பத்திரமொன்று இருக்கிறது. தம்மிடம் எந்த வகையும் இல்லை என்று சத்தியம் செய்தால்தான் நிவாரணம். அப்படிச் செய்து அவர் பெற்றது இரண்டு அரைப் பீப்பாய் கோதுமை மா. பெறுமதி 5 டொலர் 25 சதம். எவரிடமும் கடன்படாதவர், எவரிடமும் கைநீட்டாதவர் என்று நாவல்கள் போற்றும் அப்பா அந்தப் பத்திரத்தில் இல்லை. அதே மாதத்திற்றான் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பிள்ளை ஒன்பது மாதம் வாழ்ந்து, அடுத்த ஆண்டு ஒகஸ்டில் இறந்தது. எட்டு நூல்களிலும் அந்தத் தம்பி இல்லை. அயோவா மாநிலத்தில் ஒரு விடுதியில் வேலைசெய்து, கடனை அடைக்க முடியாமல் இரவோடிரவாகப் புறப்பட்ட ஓராண்டும் இல்லை. இவற்றையெல்லாம் 1930 இல் லோரா தம் தன்வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியில் எழுதத்தான் செய்தார். பதிப்பாளர் எவரும் ஏற்காத அந்தப் பிரதி, விரிவான குறிப்புகளோடு 2014 இல்தான் நூலாயிற்று.

சாள்ஸுக்கு அரசிடமிருந்து முறையாக ஒரு காணி கிடைத்தது தென் டகோட்டாவில், டி ஸ்மெட் என்ற ஊரருகே. 1862 இன் குடியிருப்புக் காணிச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் ஒருவனுக்குச் சொந்தமாகும், சிறு பதிவுக் கட்டணம் மட்டுமே. 1880 பெப்ரவரியில் விண்ணப்பித்து, 1886 இல் சாட்சிகளோடு இறுதி நிரூபணம் செய்து உரித்தைப் பெற்றார். மறு ஆண்டே குடும்பம் நகரத்து வீட்டுக்குப் போய்விட்டது. காணியைச் சில ஆண்டுகளில் விற்றுவிட்டார். ஆயுள் முழுவதும் நிலத்தைத் துரத்திய மனிதர், 1902 இல் நகரத்து வீட்டிலேதான் கண்ணை மூடினார்.

நாவலின் முதற் பக்கங்களிலே, அந்தப் புல்வெளியில் மனிதர் எவரும் இல்லை, பூர்வீகக் குடிகள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. பதினேழு ஆண்டுகள் எவருக்கும் அது உறுத்தவில்லை. 1952 இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். பூர்வீகக் குடிகள் மனிதரல்லரா? எண்பத்தைந்து வயதான லோரா அதைத் தம்முடைய தவறென்று தயங்காமல் ஒப்புக்கொண்டார். 1953 பதிப்பில் 'மனிதர்' என்பது 'குடியேறியோர்' என்று மாற்றப்பட்டது. ஒரு சொல்தான். ஆயினும் அந்த ஒரு சொல்லைத் திருத்தினால் கதை முழுவதையும் அல்லவா திருத்தவேண்டியிருக்கும்? 2018 இல் அமெரிக்க நூலகர் சங்கத்தின் சிறுவர் பிரிவு, லோராவின் பெயரால் வழங்கிவந்த விருதுக்கு வேறு பெயர் வைத்தது. நூல்களைத் தடைசெய்யவில்லை. அதே ஆண்டு கரோலைன் ஃபிரேசர் எழுதிய லோராவின் வாழ்க்கை வரலாற்றுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அந்த நாவலைப் பிள்ளைகளின் கையிலிருந்து பறிக்கவேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை. ஆனால் படிப்பிக்கும்போது, குடிசன மதிப்பு ஏட்டின் அந்தப் பக்கத்தையும் பக்கத்திலே வைத்துப் படிப்பிக்கவேண்டும். கிணறு வெட்டியவருடைய வியர்வையும் உண்மை, வெட்டிய நிலம் அவருடையதல்ல என்பதும் உண்மை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் விளங்கும்.

வீட்டைத் தேடிய கதையை இன்னும் முடிக்கவில்லை.

முதலில் தேடியவர் லோராவேதான். இந்த நாவலை எழுத ஆயத்தமான காலத்தில், மகள் ரோஸ் வைல்டர் லேனோடு மோட்டார் காரில் கன்சாஸுக்கும் ஒக்லஹோமாவுக்கும் போனார். ரோஸும் பேர்பெற்ற எழுத்தாளர். தாயின் பிரதிகளைச் செப்பனிட்டவர். நகரத்திலிருந்து நாற்பது மைல் என்ற நினைவையே அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்டிபென்டன்ஸிலிருந்து தெற்கே நாற்பது மைல் போனால் மாநில எல்லையைத் தாண்டி ஒக்லஹோமாவுக்குள் போய்விடும். அங்கே தேடினார்கள், கிடைக்கவில்லை. உண்மையில் அந்த வீடு இருந்தது ஏறத்தாழ பதின்மூன்று மைலில். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வண்டிப் பயணத்தில் பதின்மூன்று மைல் நாற்பதாகத் தோன்றியதோ, அப்பா கதை சொல்லும்போது தூரம் நீண்டுவிட்டதோ, யார் கண்டது?

லோரா 1957 இல், தொண்ணூறு வயது நிறைந்த மூன்றாம் நாள் காலமானார். ரோஸ் 1968 இல் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு, இன்டிபென்டன்ஸ் நகரத்துப் பெண்மணி ஒருவர் குடிசன மதிப்பு ஏட்டையும் மாவட்டக் காணிப் பதிவுகளையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாள்ஸின் பெயரில் உறுதி எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் கணக்கெடுப்பாளர் நடந்துபோன வரிசையிலே அவருக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட அயலவர்கள் இருந்தார்கள். அவர்களிற் பலர் பின்னர் காசு கொடுத்துக் காணிகளைப் பதிந்துகொண்டவர்கள். எங்கள் காணி உறுதிகளிலே வடக்கே இன்னார் காணி, கிழக்கே இன்னார் காணி என்று நான்கெல்லை சொல்வோமல்லவா? அதே மாதிரி, அயலவர் காணிகளையெல்லாம் நிலப்படத்தில் குறித்துக்கொண்டு வந்தார். நடுவே எவரும் உரிமை கோராத ஒரு துண்டு மிஞ்சியது. அங்கே போய்ப் பார்த்தார்கள். வீட்டின் சுவடு இல்லை. கையால் வெட்டிய பழைய கிணறு ஒன்று மட்டும் இருந்தது.